ஜிம்போச்சோவில் கிடைத்த பெயரில்லாத சிடி: இந்த ஜப்பானியப் பித்தளை ஐவர் யார்?

பழைய தட்டு எழுதியது:

அலுவலக வேலையாக மூன்று வாரம் டோக்கியோவில் இருந்தேன். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஜிம்போச்சோவுக்குப் போனேன். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன பகுதி. நடுநடுவே பழைய இசைத்தட்டுக் கடைகளும் உண்டு. ஒரு கடை வாசலில் 300 யென் என்று எழுதி ஒட்டிய மரப்பெட்டி. அதன் அடியில், வெள்ளைக் காகித உறைக்குள் ஒரு சிடி கிடந்தது. அட்டைப் படம் இல்லை. ஜப்பானியத் தட்டுகளைச் சுற்றி 'ஓபி' என்று ஒரு காகிதப் பட்டை இருக்குமே, அதுவும் இல்லை. வீட்டில் யாரோ பதிந்த சிடி. மேலே நீல மையில் ஐந்தே எழுத்துகள். கடைக்காரர் படித்துச் சொன்னார்: 'கின்கன் கோஜூசோ'. பித்தளை வாத்தியங்களின் ஐவர் இசை. அவ்வளவுதான். குழுவின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தம் பத்துப் பதிவுகள். முதல் ஆறும் அபாரம். இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டூபா. ஒவ்வொரு பதிவும் தொடங்குவதற்கு முன்னால் ஐந்து பேரும் ஒன்றாக மூச்சை இழுக்கும் ஓசை கேட்கிறது, ஒரே ஆள் இழுப்பதைப் போல. அதன் பிறகு வரும் முதல் சுரம் கத்தியால் வெட்டிய மாதிரி அப்படியொரு நேர்த்தி.

சில விஷயங்கள் விளங்கவில்லை. ஒன்று, இந்த ஆறில் எதுவுமே ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. இரண்டு, மூன்றாவது பதிவு எனக்குத் தெரிந்த உருப்படி. ரஷ்ய இசையமைப்பாளர் விக்டர் எவால்டின் முதல் ஐவர் இசை. டூபா தனியாகத் தொடங்கும் அந்த மெட்டைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஆனால் முதல் பகுதியின் பாதியிலேயே மூன்றாம் பகுதிக்குத் தாவிவிடுகிறது. தட்டில் கீறலோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, தாவல் மிகச் சுத்தமாக இருக்கிறது. மூன்று, என் கீபோர்டோடு சேர்த்து வாசித்துப் பார்த்தால் சுருதி ஒரு நூலளவு ஏறி நிற்கிறது.

கடைசி நான்கு பதிவுகளும் அதே எவால்டுதான், அதே தாவலோடு. ஒலித்தரம் மோசம், வாசிப்பும் சற்றுக் கரடுமுரடு. பதிந்தவர் ஏதோ தவறுதலாகத் திரும்பத் திரும்பச் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது.

இவர்கள் யார் என்று யாருக்காவது தெரியுமா?


முன்னாள் யூஃபோனியம் எழுதியது:

ராணுவ பேண்டில் பதினெட்டு ஆண்டுகள் யூஃபோனியம் என்ற பித்தளை வாத்தியம் வாசித்தவன் நான். யார் என்று சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் அந்த மூச்சைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே பதில் போடுகிறேன். நடத்துனர் இல்லாத குழுவில் மூச்சுதான் தாளக்கோல். முதல் டிரம்பெட் வாசிப்பவர் தோளை இம்மியளவு உயர்த்தி மூச்சை இழுப்பார். எவ்வளவு வேகமாக இழுக்கிறாரோ அதுதான் அந்த உருப்படியின் காலப்பிரமாணம். மற்ற நால்வரும் அதே வேகத்தில் இழுத்தால் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து இறங்குவார்கள். இதில் இருவர் சற்று முன்பின் ஆனாலும் முதல் சுரம் பிசிறடிக்கும். பார்க்க எளிது. எங்கள் பேண்டில் இதற்கே மாதக்கணக்கில் உழைத்தோம்.

ஹார்னையும் கவனித்துக் கேளுங்கள். அதன் வாய் பின்னோக்கித் திரும்பியிருக்கும். டிரம்பெட்டின் ஒலி நேராக நம் முகத்துக்கு வரும். ஹார்னின் ஒலி பின்சுவரில் பட்டுத்தான் வரும். ஆகவே கேட்பவருக்கு ஒன்றாகக் கேட்க வேண்டுமானால் ஹார்ன்காரர் மயிரிழை முன்னதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். நல்ல குழு, சாதாரணக் குழு என்கிற வித்தியாசம் எனக்கு முதலில் தெரிவது அங்கேதான்.


ஹார்ன் அம்மா எழுதியது:

வணக்கம். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கிறோம். என் மகள் இங்கே நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு, பள்ளியின் காற்றுவாத்தியக் கழகத்தில் ஹார்ன் வாசிக்கிறாள். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் என்னிடம் விடை இருக்கிறது.

ஐந்து நிமிடம்: இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு 'அன்கோன்' என்று ஒரு போட்டி உண்டு. அகில ஜப்பான் ஆன்சாம்பிள் (சிறு குழு இசை) போட்டி என்பதன் சுருக்கம். மூன்று பேர் முதல் எட்டுப் பேர் வரை வாசிக்கலாம், நடத்துனர் கூடாது, ஐந்து நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். தாண்டினால் தகுதி நீக்கம். குளிர்காலத்தில் வட்டார அளவில் தொடங்கி, மார்ச் மாதம் தேசிய இறுதிச் சுற்று. எங்கள் வீட்டில் டிசம்பர் மாதம் முழுவதும் இந்த ஒரே பேச்சுதான்.

தாவல்: அதற்கு இங்கே 'கட்டோ' என்பார்கள், ஆங்கிலத்தின் 'கட்' தான். நீளமான உருப்படியை ஐந்து நிமிடத்துக்குள் அடக்க, எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குத் தாவினால் தையல் தெரியாது என்று ஆசிரியரும் பிள்ளைகளும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். என் மகளின் இசைத்தாளில் ஒரு பக்கம் முழுவதும் பென்சிலால் குறுக்கே அடித்து, ஓரத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறது.

சுருதி: இங்கே பேண்டுகள் 'ஏ' சுரத்தை நொடிக்கு 442 அதிர்வுக்கு வைப்பார்கள். உங்கள் கீபோர்டு 440-ல் இருக்கும். அந்த இரண்டு அதிர்வுதான் உங்கள் நூலளவு.

ஆகவே உங்களிடம் இருப்பது 'சான்கோ ஓங்கென்' வகைப் பதிவுகள் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் கேட்டுக் கற்றுக்கொள்வதற்காகத் தொழில்முறைக் கலைஞர்கள் வாசித்துத் தரும் மாதிரிப் பதிவு. காஃபுவா, ஹிரோஷிமாவைச் சேர்ந்த பிரெய்ன் போன்ற நிறுவனங்கள் காற்றுவாத்தியப் பதிவுகளுக்கென்றே இருக்கின்றன. இந்த வகைத் தட்டில் யார் வாசித்தது என்பதைவிட எந்த உருப்படி, எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அதனால்தான் இவ்வளவு நல்ல குழுக்கள் நாட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் இருக்கின்றன. உலகச் சந்தையை நினைத்து வாசித்தவர்கள் இல்லை இவர்கள். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் வரியைத் தனியே பிரித்துக் கேட்க வேண்டும், அதற்காகவே ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்திருக்கிறார்கள்.


செவிச்செல்வம் எழுதியது:

சகோதரி சொன்னது புதிய செய்தி, நன்றி. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எவால்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர், பெலாயெவ் நால்வர் குழுவில் செல்லோ வாசித்தவர். வார நாளெல்லாம் பாலமும் கட்டடமுமாக இருந்த மனிதர் இசையையும் ஒரு கட்டடம் போலத்தான் எழுப்பினார். 1912-ல் அச்சான இந்த முதல் ஐவர் இசை மொத்தமே கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் அந்த மெதுவான இரண்டாம் பகுதி வந்து, அது திடீரென்று வேகமெடுத்து, மறுபடி அடங்கினால்தான் மூன்றாம் பகுதிக்கு அர்த்தம். அதை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு முதலையும் கடைசியையும் ஒட்டவைப்பது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தவறு. பிள்ளைகளுக்கு ஒரு முழு உருப்படியைக் கொடுக்க வேண்டாமா?


ரெக்கார்டுப் பெட்டி எழுதியது:

செவிச்செல்வம், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நம் 78 சுழற்சித் தட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் போலத்தான் இடம். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், ஒரு துளி கற்பனை சுரம் எல்லாம் பாடி முடித்தார்கள். அந்தக் கட்டாயத்தில் பிறந்த இறுக்கத்தை இன்றும் உருகி உருகிக் கேட்கிறோம். ஐந்து நிமிடம் என்பதும் அப்படியொரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஜப்பானில் பித்தளை வாத்தியங்கள் வேரூன்றிய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1869-ல் யோகஹாமாவில் இருந்த பிரிட்டிஷ் படைப்பிரிவின் பேண்டு மாஸ்டர் ஜான் வில்லியம் ஃபென்டன், ஜப்பானின் சட்சுமா சிற்றரசிலிருந்து வந்த முப்பது இளைஞர்களுக்கு மியோகோஜி என்ற கோயிலில் வைத்துப் பாடம் தொடங்கினார். வாத்தியங்களை லண்டனில் பெசன் நிறுவனத்துக்கு எழுதி வரவழைத்தார்கள். கப்பல் வந்து சேர 1870 ஆகிவிட்டது. அதுவரை கையில் கிடைத்ததை வைத்துப் பழகினார்கள். 1939-ல் அகில ஜப்பான் பேண்டு சங்கம் அமைந்தது, மறு ஆண்டே முதல் போட்டி. இரண்டாம் உலகப் போரில் நின்றுபோய் 1956-ல்தான் மறுபடி தொடங்கியது. யமஹா காற்றுவாத்தியத் தயாரிப்பில் இறங்கியது 1965-ல். சிகாகோவின் டிரம்பெட் கலைஞர் ரெனால்ட் ஷில்கியின் ஆலோசனையோடு அது வளர்ந்தது.

டோக்கியோ சுகினாமி பகுதியில் ஃபுமோன்கன் என்று ஓர் அரங்கம் இருந்தது. ஏறத்தாழ 5,000 இருக்கைகள். பேண்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் கனவு மேடை. மேடைத் தளம் கறுப்பு. 'அந்தக் கறுப்புத் தரையில் நிற்க வேண்டும்' என்பதே இரண்டு மூன்று தலைமுறைகளின் ஆசையாக இருந்தது. நிலநடுக்கத்தைத் தாங்காது என்று தெரிந்ததும் மூடிவிட்டார்கள். இடிப்பதற்கு முன் 2018 நவம்பரில் சில நாட்கள் மக்களுக்காகத் திறந்து வைத்தார்கள். நரைத்த தலைகளும் இளம் தலைமுறையும் அவரவர் வாத்தியத்தோடு வந்து, ஒருவரையொருவர் அறியாதவர்கள் அந்தக் கறுப்புத் தரையில் ஒன்றாக நின்று வாசித்துவிட்டுப் போனார்கள்.

பழைய தட்டுக்கு ஒரு யோசனை. பெயர் தெரிந்த குழுவையும் கேட்க விரும்பினால் பஸ் ஃபைவ் என்ற ஜப்பானிய ஐவர் குழுவைத் தேடிப் பாருங்கள். பிறகு இசையமைப்பாளர் டோரு டகெமிட்சு. அவர் 1974-ல் பிலிப் ஜோன்ஸ் குழுவுக்காக எழுதிய 'கார்டன் ரெயின்' ஐவருக்கானது இல்லை, பத்துப் பேருக்கானது. பித்தளை என்றாலே முழக்கம் என்று நினைக்கும் காதுக்கு அது வேறோர் உலகம். 1994-ல் தனி டிரம்பெட்டுக்காக எழுதிய 'பாத்ஸ்' இன்னும் நெருக்கமானது. ஒரே ஆள் ஒலியை அடக்கும் மியூட்டைச் செருகியும் எடுத்தும் தன்னோடு தானே பேசிக்கொள்வார்.


முன்னாள் யூஃபோனியம் எழுதியது:

அந்தக் 'கட்டோ' பற்றி நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். வாசிக்கிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐந்து நிமிடம் சின்ன விஷயம் இல்லை. மவுத்பீஸ் உதட்டை அழுத்த அழுத்த ரத்த ஓட்டம் குறையும், உதடு மரத்துப்போகும். வயலினில் கை வலித்தாலும் வில் ஓடும். இங்கே உதடு அதிராவிட்டால் ஒலியே இல்லை. ஐவர் இசையில் ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. பெரிய பேண்டில் பக்கத்தில் இருப்பவன் இரண்டு அளவு, அதாவது இரண்டு தாளச் சுற்று, தாங்குவான், நாம் உதட்டை எடுத்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம். இதில் ஒரு வரிக்கு ஒரே ஆள். வளரும் பிள்ளைகளின் உதட்டுக்கு எவால்டு முழுவதையும் கொடுத்தால் கடைசிப் பகுதியில் டிரம்பெட்டுகள் உடைந்துவிடும். அதனால் வெட்டியதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் செவிச்செல்வம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் வீட்டில் முழு உருப்படியையும் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.


ஹார்ன் அம்மா எழுதியது:

ஐயா, கேட்கிறார்கள். என் மகள் இரண்டாம் பகுதியைத் தூங்கப் போகும்போது கேட்பாள். தன் குழு வாசிக்காத பகுதி என்பதால்தான் அது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று சொல்வாள்.


பழைய தட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹார்ன் அம்மா சொன்ன பிறகு அந்தத் தாவலையே வேறு காதோடு கேட்கிறேன். ஒட்டவைத்த இடத்தில் டூபா ஒரே ஒரு சுரத்தைச் சற்று நீட்டிப் பிடிக்கிறது, அதன் மேல் ஏறித்தான் மற்றவர்கள் புதிய வேகத்துக்குப் போகிறார்கள்.

நேற்றிரவு அந்தக் கடைசி நான்கையும் முதன்முறையாக முழுதாகக் கேட்டேன். என் கணிப்பு தவறு. ஒரே பதிவு நான்கு முறை வரவில்லை. நான்கும் வெவ்வேறு வாசிப்பு. கால அளவு ஏழாவதிலிருந்து வரிசையாக: 5:11, 5:06, 4:57, 4:52. இசை முடிந்து ஒலி அடங்கியதும், தொலைவிலிருந்து யாரோ ஏதோ சொல்கிறார்கள். நான்கு பதிவிலும் உண்டு. பத்தாவதில் மட்டும் அதன் பிறகு சட்டென்று ஓர் ஆரவாரம், அத்தோடு பதிவு நறுக்கென்று நின்றுவிடுகிறது. ஹார்ன் அம்மா, அந்தக் கடைசி நொடிகளை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மகளைக் கேட்டுச் சொல்ல முடியுமா?


செவிச்செல்வம் எழுதியது:

5:11-லிருந்து 4:52. எனக்கு விளங்குகிற மாதிரி இருக்கிறது. ஆனால் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


ஹார்ன் அம்மா எழுதியது:

மகள் பள்ளியிலிருந்து வர ஏழு மணி ஆனது. உதட்டைச் சுற்றி மவுத்பீஸின் சிவப்பு வளையம் மாறாமலேயே வந்து நின்றாள். காதில் மாட்டிவிட்டேன். நான் எதுவும் சொல்லவில்லை.

சிரித்தாள். 'யொன்புன் கோஜூனி' என்றாள். நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு. ஆசிரியரோ, கழகத்து மூத்த மாணவியோ நொடிமானியைப் பார்த்துப் படிக்கிற குரல் அது. மற்ற மூன்றிலும் அந்தந்த நேரத்தைத்தான் சொல்கிறார்களாம்.

பிறகு பத்தாவது பதிவை முழுவதும் கேட்டாள். கேட்கும்போது அவளுடைய இடது கை விரல்கள் தொடையின் மேல் வால்வுகளை அழுத்திக்கொண்டே இருந்தன. ஹார்னுக்கு இடது கையால்தான் வால்வு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முடிந்ததும் சொன்னது இது: 'அம்மா, இவர்கள் பெரியவர்கள் இல்லை. வகுப்பறையில் வாசிக்கிறார்கள். குளிருகிற அறை, சுருதி முதலில் கீழே இருந்து போகப் போகத்தான் மேலே ஏறுகிறது. இரண்டாவது டிரம்பெட் அக்கா எங்கே மூச்சு எடுக்கக் கூடாதோ அங்கே எடுக்கிறாள்.'

அக்காவா அண்ணனா என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கழகத்தில் முக்கால்வாசிப் பேர் பெண் பிள்ளைகள்தானே என்றாள்.

ஆகவே நான் முதலில் எழுதியதைப் பாதி திருத்த வேண்டும். முதல் ஆறு பதிவுகள் மாதிரிக்காக ஒரு தட்டிலிருந்து எடுத்தவை. யாரோ ஒரு பிள்ளை அவற்றைக் கேட்டுக் கேட்டு, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, தன் குழுவோடு வாசித்த ஒத்திகைகளைக் கடைசியில் சேர்த்திருக்கிறாள். நீங்கள் தேடிய ஐவர் குழு ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இருந்திருக்கிறது.


ரெக்கார்டுப் பெட்டி எழுதியது:

இந்தப் பதிலை மூன்று முறை படித்தேன். நாற்பது வருடமாகத் தட்டு சேர்க்கிறேன், இப்படி ஒன்று என் பெட்டியில் வந்து விழுந்ததில்லை. அதைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் பதியும் சிடிகளின் சாயப்பூச்சு வெயிலில் கெட்டுவிடும். இன்றே கணினியில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.


புதிய வாசகர் எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். பத்தாவது பதிவை எல்லோரும் கேட்கும்படி இங்கே ஏற்ற முடியுமா? எந்தப் பள்ளி என்று கண்டுபிடித்துவிடலாமே.


முன்னாள் யூஃபோனியம் எழுதியது:

தம்பி, வேண்டாம் என்பது என் கருத்து. மேடையில் வாசித்தது ஊருக்கு. ஒத்திகை அவர்களுடையது. 5:11 என்று வந்த அன்றைக்கு அந்த ஐந்து பேரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை அவர்களைக் கேட்காமல் ஊருக்குக் காட்டக் கூடாது.


பழைய தட்டு எழுதியது:

ஐயா சொன்னபடியே. ஏற்றப் போவதில்லை, தேடவும் போவதில்லை. நகல் எடுத்துவிட்டேன்.

இன்று காலை நான்கையும் வரிசையாக வைத்துக் கேட்டேன். பத்தொன்பது நொடி எங்கே குறைந்தது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வேகத்தை ஏற்றித்தான் குறைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எட்டாவதில் அப்படித்தான் செய்கிறார்கள், கடைசிப் பகுதியில் விழுந்தடித்து ஓடுகிறார்கள், முதல் டிரம்பெட் ஓரிடத்தில் உடைந்தே போகிறது. அதில் கிடைத்தது வெறும் ஐந்து நொடி. ஒன்பதாவதில் 'கட்டோ' மாறியிருக்கிறது; நான்கு அளவு முன்னதாகவே தாவிவிடுகிறார்கள். பத்தாவதிலும் அந்தக் 'கட்டோ'தான், ஆனால் ஓட்டம் இல்லை. வேகம் மறுபடி ஏழாவதில் இருந்த நிதானத்துக்கே வந்துவிட்டது. தாவலுக்கு முன்னால் டூபா நீட்டிப் பிடிக்கிற அந்த ஒரே சுரமும் சுருங்கியிருக்கிறது. மூன்றாவது பதிவில் பெரியவர்கள் பிடித்த அதே அளவு. நொடிமானி வைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது டிரம்பெட் மூச்சு எடுக்கும் இடத்தையும் தேடினேன். ஹார்ன் அம்மாவின் மகள் சொன்ன இடம்தான். நான்கு பதிவிலும் அதே இடத்தில் எடுக்கிறாள்.